தளர்த்தாத கம்பி

“கம்பியத் தளத்தாம இந்தக் கிட்டார் நெக்க நிமித்த முடியுமாம்மா?”

சவரிமுத்து உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்டது இதைத்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

கேட்கப்பட்டவள் ஜெனிட்டா. திருச்சி பாலக்கரையில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் கிட்டார் பழுது பார்ப்பவள். வயது முப்பத்திரண்டு. அந்தப் பக்கத்துக் கிட்டார்க்காரர்கள், தலை நரைத்தவர்கள் உட்பட, அவளை வாத்தியார் என்பார்கள். அவள் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. பேச்சே கம்மி.

அவள் கிட்டாரை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் கழுத்தை நீளவாக்கில் பார்த்தாள். கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது. கம்பிகளுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பென்சிலை நுழைத்தாள். தாராளமாகப் போனது.

“எத்தன நாளா இப்படி முறுக்கியே வச்சிருக்கீங்க?”

“ஒரு வருஷம். அடுத்த வார வியாழக்கிழமையோட.”

“நாளைக்கு வாங்க சார்.”

முடியாது என்று அவள் சொல்லாததே சவரிமுத்துவுக்குத் தெம்பாக இருந்தது. இதற்கு முன் ஏறி இறங்கிய இரண்டு கடையிலும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில். கம்பியைக் கழற்ற வேண்டும், கழுத்தையே மாற்ற வேண்டும். கழுத்தை மாற்ற அவருக்கு ஆட்சேபணை இல்லை. கம்பியைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். அது எப்படி ஆகும் என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை.

காரணம் ரெஜினா, அவர் மனைவி. முப்பது வருஷம் மாதா கோயிலில் அவள் பாட, இவர் வாசித்தார். கடைசி நாட்களில் அவள் குரல் இறங்கிவிட்டது. சுருதியை அரைக்கட்டை குறைத்து வைக்கச் சொல்லி, படுத்தபடியே முனகிக் காட்டினாள். அவர் அதற்குச் சரியாகக் கம்பிகளை வைத்துக் கொடுத்தார். ஒரே ஒரு பாட்டுப் பாடினாள். அன்றே போய்விட்டாள்.

அன்றைக்குக் கிட்டாரை உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றியதுதான். மீட்டினால் சுருதி இறங்கிவிடுமோ என்று பயந்து, ஒரு தடவைகூட விரல் வைக்கவில்லை. அவளுடைய கடைசிச் சுருதி அதற்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்பினார்.

பிள்ளைகள் கிடையாது. சாயங்காலம் ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, பீரோவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். தனிமை அவரைத் தின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்வதற்கும் வீட்டில் ஆள் இல்லை.

அவளுடைய முதல் வருஷ நினைவுத் திருப்பலிக்கு வாசிக்கலாம் என்று இறக்கிப் பார்த்தபோதுதான் வளைவு தெரிந்தது.

மறுநாள் போனார். கிட்டார் வைத்த இடத்திலேயே கிடந்தது. ஜெனிட்டா ஒரு மாண்டலினுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வரச் சொன்னாள்.

மூன்றாம் நாளும் அதே இடம், அதே கிடை.

சவரிமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முடியாதென்றால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே, ஒரு மனுஷனை இப்படிப் படியேற்றி இறக்குவது என்ன நியாயம் என்று சத்தம் போட்டார். பிறகு தானே தணிந்து, முக்காலியில் உட்கார்ந்து, ரெஜினாவைப் பற்றி முழுசாகச் சொன்னார். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஜெனிட்டா பசைக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நோட்டை எடுத்தாள்.

“ஒரு தடவ மீட்டுங்க. ஒவ்வொரு கம்பியும் என்ன சுருதின்னு எழுதிக்கிறேன். வேல முடிஞ்சதும் அதே மாதிரி வச்சுத் தர்றேன்.”

அவர் கிட்டாரை மடியில் வைத்தார். கட்டைவிரலைக் கம்பிக்குக் கொண்டுபோனார், எடுத்துக்கொண்டார். கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அது ஓயட்டும் என்று காத்திருந்தார். ஓய்ந்தது.

மீட்டினார்.

ஆறு கம்பியும் ஆறு பக்கம் போயின.

இன்னொரு தடவை மீட்டினார். பிறகு ஒவ்வொன்றாக. எந்தக் கம்பியிலும் ரெஜினா இல்லை.

“இது அவ சுருதி இல்ல.”

“இல்ல சார்.”

“எப்பப் போச்சு?”

“மேல ஏத்தி வச்ச அந்த வாரமே போக ஆரம்பிச்சிருக்கும். நெக் வளைய வளைய, கம்பியோட சுருதி எறங்கிக்கிட்டேதான் இருக்கும்.”

சவரிமுத்து ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். இழுத்துக் கட்டியதை அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர். சொந்த வீட்டு பீரோ மேல் மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

“அப்ப, ஒரு வருஷமா நான் எதம்மா பத்திரமா வச்சிருந்தேன்?”

ஜெனிட்டா அவர் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையைக் கிட்டார் கழுத்தின் பின்புறம் வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல நகர்த்தினாள். வளைவு முழுக்க அவர் கைக்குத் தெரிந்தது.

அவர் அழுதார். அடக்கத்தன்றுகூட அழாதவர். அவள் தேற்றவுமில்லை, வேறு பக்கம் திரும்பவுமில்லை.

அழுது முடித்தபின், யாரும் சொல்லாமல், அவரே முதல் கம்பியின் திருகைப் பிடித்துத் தளர்த்தினார். ஆறாவது கம்பியும் தொய்ந்தபோது மரத்திலிருந்து இலேசாக ஒரு சத்தம் வந்தது.

“நெக்க மாத்தணுமா?”

“வேணாம். சூடு காட்டி, பலகை வச்சு இறுக்கிப் போட்டா நிமிந்துரும். அடுத்த புதன்கிழமை வாங்க.”

புதன்கிழமை போனார். கழுத்து நேராகிவிட்டிருந்தது. புதுக் கம்பிகள் போட்டிருந்தாள். எதையும் இன்னும் முறுக்கவில்லை.

“எந்தக் கட்டைக்கு வைக்கணும்? பாடிக் காட்டுங்க.”

“நான் பாடுனதே இல்லம்மா. அவதான் பாடுவா. அவ குரலுக்குத்தான் நான் வைப்பேன்.”

“சரி சார்.”

சரி என்றாளே தவிர, அவள் முறுக்கத் தொடங்கவில்லை. திருகில் விரலை வைத்தபடி, அவர் பக்கமாகக் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அறையில் வேறு யாரும் இல்லை.

சவரிமுத்து வாயைத் திறந்தார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது.