இரும்புக் குருணைக்குக் கிடைத்த மூன்று நாள்

மழையை நம்பியிருந்த வறண்ட ஊர் ஒன்றில் ஓர் ஆலை இருந்தது. சீமைக்கருவேல விறகை அரைகுறைக் காற்றில் கனலவிட்டு வாயுவாக்குவார்கள். அந்த வாயுவை டீசலாக்குவார்கள். அது டீசலாக மாறுவது ஓர் உயரமான கலனுக்குள். அதனுள்ளே ஓர் இரும்புக் குருணை, தன் இனத்தார் லட்சம் பேரோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது.

விறகிலிருந்து பிறந்த கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஓயாமல் வந்தன. தனியே விட்டால் ஒன்றையொன்று ஏறிட்டும் பார்க்காதவை. குருணையின் மடியில் உட்கார்ந்தால்தான் கைகோத்துக்கொள்ளும். பிறகு சங்கிலியாக நீண்டு, எண்ணெயாகிப் போய்விடும்.

"கொஞ்சம் நகர்ந்து உட்கார்," என்றது மோனாக்சைடு ஒரு நாள்.

"இடமில்லையப்பா. மேலெல்லாம் மெழுகு அப்பிக் கிடக்கிறது. உன் ஆட்கள் விட்டுப்போன கரி துளைகளை அடைத்துவிட்டது. மூச்சு முட்டுகிறது."

"நேற்று வந்தவர்களுக்கு மட்டும் செய்தாயே! எனக்கு நேரமாகிறது."

குருணை உடம்பை ஒடுக்கிக்கொண்டு இடம் கொடுத்தது.

வெளியே டீசல் குறைந்துகொண்டே வந்தது. மேலாளர் ஞானப்பிரகாசம் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். அங்கே பொறியாளர் பர்வீன் இருந்தாள். விடுப்பில்லாமல் அவளுக்கு அது இருபத்தொன்றாவது நாள்.

"சூட்டை ஏத்தும்மா. முப்பது டிகிரி ஏத்தினா தானா வேலை செய்யும்."

"நாலு நாள் செய்யும் சார். அப்புறம் கரி இன்னும் படிஞ்சு, குருணை மொத்தத்தையும் அள்ளிக் கொட்ட வேண்டியதுதான். மூணு நாள் நிறுத்தி, ஹைட்ரஜனை மட்டும் விட்டுச் சுத்தம் பண்ணலாம்."

"மூணு நாளா? மேலிடத்துக்கு யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்." அவள் குரலில் கோபமில்லை, கோபப்படவும் தெம்பில்லை. "களைச்சுப் போனதை இன்னும் எவ்வளவு விரட்டுறது?"

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு நிறுத்து," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் எழுதினாள். விறகு வாயு வரும் வால்வை மூடச் செய்தாள்.

கலனுக்குள் ஹைட்ரஜன் மட்டும் வந்தது.

"உன் ஜோடி எங்கே?" என்று கேட்டது குருணை.

"வரவில்லை."

"அப்படியானால் யாரோடு சேர்த்துவைக்க வேண்டும்? சீக்கிரம் சொல்."

"யாரோடும் வேண்டாம். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். எங்கே வலிக்கிறது?"

அந்தக் கேள்வியைக் குருணையிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஹைட்ரஜன் அவசரப்படுத்தவில்லை. துளை துளையாகப் புகுந்து, மெழுகை இளக்கி, கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னோடு எடுத்துப் போனது.

நான்காம் நாள் காலையில் மறுபடி விறகு வாயுவை விட்டதும் டீசல் வந்தது. புதுக் குருணையின் வேகம் இல்லை; ஆனாலும் நிற்காமல் வந்தது.

ஞானப்பிரகாசம் பர்வீன் வீட்டுக்குப் போன் செய்தார். அவள் கணவர் ஜாபர் எடுத்தார்.

"டீசல் வருதுன்னு சொல்லணும். பர்வீன்கிட்ட கொடுங்க."

"தூங்குறா சார்."

"ரெண்டு நிமிஷம்தான்."

"அவளா எந்திரிக்கட்டும் சார்," என்று சொல்லிவிட்டு, ஜாபர் போனை அணைத்தார்.