ஹெட்லைட் மாற்றிய பிறகு

உர்ர்… உர்ர்ர்… கல்யாணமான புதிதிலிருந்து நாச்சிமுத்துவின் காதில் இருக்கும் சத்தம் அது. பொழுது இறங்கி வீடு வந்ததும், வாசல் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்துவார். இஞ்சின் ஓட்டத்தில் எரிகிற பழைய ஹெட்லைட். வண்டி நின்றால் சோர்ந்துவிடும். பின்னால் உட்கார்ந்துவரும் மனைவி பாவாயி இறங்கிப் போய்த் தாழ்ப்பாளைத் திறக்கும்வரை அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி விடுவார். வெளிச்சம் ஏறும், இறங்கும். அதில் அவள் நடப்பாள்.

"ஊரைக் கூட்டாம ஒரு நாளாச்சும் வீடு வர மாட்டீங்களா?" என்பாள்.

ஐம்பதைத் தாண்டியபின் நாச்சிமுத்து தறியை விற்றுவிட்டு, வளர்மதியின் பட்டறையில் வண்டி ஒயரிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். வளர்மதிக்கு அவருடைய மகள் வயது. எதிர் டீக்கடைக்காரருக்கு அதில் தினமும் ஒரு குஷி.

"என்னுங்க நாச்சிமுத்து, இன்னைக்கு டீச்சரம்மா பெஞ்சு மேல ஏத்துச்சா?"

"பெஞ்சு எங்கப்பா இருக்குது. நின்னுக்கிட்டேதான் படிப்பு."

கேள்வி கேட்டால் வளர்மதி வாயால் பதில் சொல்வது அபூர்வம். கையில் எதையாவது கொடுத்து, "பாருங்ணா" என்பாள்.

ஒரு நாள் அவர் கேட்டார்.

"அம்மிணி, நின்னாலும் மங்காத வெளிச்சம் வேணும். எனக்கில்ல. பொழுதானா பாவாயிக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குதாமா."

"உங்க வண்டியிலயே செய்யுங்ணா. நான் தொட மாட்டேன்."

செய்தார். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்தார். நடுவில் ஃபியூஸ், அப்புறம் மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே, முடிவில் புது எல்.இ.டி. பல்பு. வளர்மதி ஒவ்வொரு இணைப்பையும் விரலால் இழுத்துப் பார்த்தாள். ஒன்று கையோடு வந்தது. அவர் மறுபடி போட்டார்.

அன்று சாயங்காலம் பாவாயியோடு வந்து கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தார். வெளிச்சம் அசையவில்லை. தாழ்ப்பாளின் துரு வரைக்கும் தெரிந்தது. எவ்வளவு நாள் வண்டியைக் கத்தவிட்டோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

பாவாயி இறங்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு நடந்தாள். கேட்டை விட்டு ஒதுங்கி, ஓரத்துச் சாக்கடைக்குள் விழுந்தாள்.

மறுநாள் காலையில் அவர் பட்டறைக்கு வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது.

"இன்னும் பெரிய பல்பாப் போடோணும் அம்மிணி. முழங்கால்ல நல்ல அடி."

"விழுந்தப்ப என்ன சொன்னாங்க?"

"செருப்பு வழுக்கிருச்சுன்னா."

"இஞ்சினு ஓடிட்டு இருந்துச்சுங்களா?"

"எதுக்கு ஓடோணும்? அதுக்குத்தான் இத்தனை வேலையும்."

வளர்மதி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவருடைய வண்டியை வெளியே தள்ளி, பட்டறைக் கதவைப் பார்க்க நிறுத்தினாள். அவரை அதற்கு முன்னால், கதவைப் பார்த்து நிற்கச் சொன்னாள்.

"கண்ணை மூடிக்குங்ணா. நான் சொல்றப்ப நடந்து போய்க் கதவைத் தொடுங்க."

வண்டியைக் கிளப்பி முறுக்கினாள். உர்ர்… உர்ர்ர்… அவர் நடந்தார். சத்தம் முதுகைப் பிடித்துத் தள்ளுவதுபோல் இருந்தது. காலை எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. கை நேராகக் கதவில் பட்டது.

"திரும்பி வாங்க. இன்னொருக்கா."

இந்த முறை இஞ்சினை அணைத்தாள். ஹெட்லைட்டைப் போட்டாள். "லைட்டு எரியுதுங்ணா. நடங்க."

நாலு எட்டு சரியாக வைத்தார். ஐந்தாவதில் தயங்கினார். முன்னால் எதுவும் இல்லை, பின்னாலும் எதுவும் இல்லை. கையை நீட்டித் துழாவினார். பழைய டயர் அடுக்கில் கால் இடித்தது.

எதிர் கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

நாச்சிமுத்து கண்ணைத் திறக்கவில்லை. டயர் மேல் கையை ஊன்றி நின்றார்.

"எத்தனை நாளா அம்மிணி?"

"அது எனக்குத் தெரியாதுங்ணா. போன வாரம் உங்களுக்குச் சோறு கொண்டு வந்தாங்கல்ல, பொழுது சாயறப்ப. நீங்க உள்ளுக்குள்ள வண்டிய முறுக்கிட்டு இருந்தீங்க. நேரா வந்தாங்க. நீங்க நிறுத்துனதும் நடு ரோட்டுல நின்னுட்டாங்க. நான்தான் போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க."

வளர்மதி அவர் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"என்கிட்ட அவ ஏன் சொல்லல?"

"தினமும் அவங்களுக்கு வெளிச்சம் காட்டறதா நெனச்சுக்கிட்டு முறுக்குனீங்க. அதைக் கெடுக்க அவங்களுக்கு மனசு வரலையோ என்னவோ."

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் குந்தினார். ரிலேயைக் கழற்றக் கை போனது.

"கழட்டாதீங்ணா. நல்லாச் செஞ்சிருக்கீங்க. அந்த வெளிச்சம் உங்களுக்கு. அவங்க கேட்டைத் தொடற வரைக்கும் இஞ்சினை அணைக்காதீங்க."

அடுத்து வந்த தை மாதத்தோடு பாவாயிக்குப் பகலிலும் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தாள். கேட்டை அவளேதான் திறந்தாள்.