நீலன் எழுதிய கடல்

அந்தக் காலத்தில், நண்டும் கடலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அலை கிடையாது. பெரிய குளம்போல அசையாமல் கிடக்கும். ஈர மணலில் எழுதியது எழுதியபடியே நிற்கும்.

நண்டுக் குஞ்சுகள் முதலில் எழுதப் பழகும் சொல் ‘கடல்’. அதைக் கரையில் பிழையில்லாமல் எழுதிய குஞ்சைத்தான் கடல் தண்ணீருக்குள் விடும். எழுதாத குஞ்சு கோடை வெயிலில் ஓடு காய்ந்து செத்துப்போகும்.

அலவாயி என்ற நண்டின் மகள் குறுமணி. ‘க’வுக்குக் கால் போட்டால் ‘கா’ என்று அன்றுதான் கற்றிருந்தாள். கால் போடுவது அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. கரையில் ‘காடால்’ என்று எழுதிவைத்தாள்.

“ஏ காடாலு! உனக்கு இருக்கிற கால் போதாதா, எழுத்துக்கும் வேணுமா?” பக்கத்து வளைக் குஞ்சுகள் போகும்போதும் வரும்போதும் படித்துப் படித்துச் சிரித்தன.

குறுமணி வளைக்குள் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

“இன்னொரு தரம் எழுதிப் பாரேன், கண்ணு. கோடை வந்துட்டுது.”

“மாட்டேம்மா. தப்பா எழுதினா அது அங்கேயே இருக்கும்.”

அலவாயி கடலிடம் போனாள். “கடலம்மா, கொஞ்சம் எழுந்து வந்து அதை அழிச்சுட்டுப் போயேன்.”

“வரலாம்டி. ஆனா ஒண்ணை மட்டும் பொறுக்கி எடுக்க எனக்குத் தெரியாது. கரை முழுக்கத் துடைச்சுட்டுத்தான் திரும்புவேன். உன் நீலன் எழுதினதும் போயிடும்.”

நீலன் அவள் மூத்த மகன். போன மழைக்காலத்தில் கொக்கு தூக்கிப்போயிற்று. அவன் எழுதிய ‘கடல்’ மட்டும் வாசலோரம் இருந்தது. ‘ட’ சற்றே சாய்ந்திருக்கும். ‘ல்’லின் புள்ளி ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். காலையில் வெளியே வரும்போதெல்லாம் அலவாயி அதை மிதித்துவிடாமல் ஒதுங்கி நடப்பாள்.

அதன் பக்கத்தில் போய் நின்றாள். வளைக்குள் குறுமணி விசும்புவது கேட்டது.

“வா, கடலம்மா” என்றாள்.

கடல் எழுந்து வந்தது. திரும்பியபோது கரை வழவழவென்று, எதுவும் இல்லாமல் கிடந்தது.

குறுமணி தலையை நீட்டினாள். “எல்லாம் போச்சாம்மா?”

“போச்சு கண்ணு. வந்து எழுது.”

எழுதினாள். தப்பு. கடல் வந்து துடைத்தது. மறுபடி எழுதினாள், மறுபடி துடைத்தது. பொழுது சாயும் நேரத்தில் ‘கடல்’ சரியாக வந்தது. கடல் தயங்கி நின்றது.

“இதையும் எடுத்துக்கட்டுமா, அலவாயி?”

“எடுத்துக்கோ. எழுதினவ இருக்காளே.”

அன்று முதல்தான் கடல் கரைக்கு வந்து வந்து போகிறது, நண்டுகள் சலிக்காமல் மணலில் கிறுக்குகின்றன. அதைப் பார்த்துத்தான் மனிதரும் பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை மணலில் எழுதவைத்து, உள்ளங்கையால் துடைத்துவிட்டு, “இன்னொரு தரம்” என்கிறார்கள்.