எட்டில் ஒரு செவலை

மலையடிவாரத்து மடத்தில் காலைத் தியானம் முடியும் நேரமும் ஊரில் பங்குச் சந்தை திறக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. வஞ்சிமுத்து முதலாவதில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவதற்குக் காத்திருப்பார்.

கோயம்புத்தூர்ப் பக்கம் தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆலைச் சங்குக்கு எழுந்து, ஆலைச் சங்குக்குச் சாப்பிட்டு, ஆலைச் சங்குக்கு வீடு திரும்பியவர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததை எல்லாம் அதே கம்பெனியின் பங்குகளில் போட்டுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார். உலகத்தை விட்டாயிற்று என்றுதான் நினைத்திருந்தார். அது செல்போனுக்குள் புகுந்து வேட்டி மடிப்பில் கூடவே வந்திருந்தது.

மடத்தின் குரு மயிலாத்தா, சீடரைவிட வயதில் இளையவர். சீடர் குருவை ஆத்தா என்பார். குரு சீடரை அண்ணா என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

ஒரு வியாழக்கிழமை காலை, குரு மாட்டுக் கொட்டகையில் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். வஞ்சிமுத்து வந்து நின்றார்.

"ஆத்தா, ஒரு கேள்வி."

"கேளுங்கண்ணா."

"என்ற கம்பெனிப் பங்கு ஒரு வாரமா விழுந்துட்டே இருக்குதுங்க. நேத்து மச்சான் கூப்பிட்டாரு. 'உங்க கம்பெனிக்குச் சங்கு ஊதியாச்சு, எல்லாத்தையும் வித்துப்போட்டு வெளிய வாங்க'ன்னாரு. வித்தாப் போட்டதுல பாதிதான் திரும்பும். அதை விட்டா எனக்குன்னு வேற எதுவும் இல்லீங்க. விக்கட்டுங்களா?"

"ஏன் விழுகுது?"

"விக்கறவங்க அதிகமாயிட்டாங்க."

"அவங்க ஏன் விக்கறாங்க?"

"விழுகுதுங்களே, அதனாலதான்."

குரு சிரிக்கவில்லை. நறுக்கிய தட்டை அள்ளிச் செவலையின் முன்னால் போட்டார்.

"பங்குன்னா என்னங்கண்ணா?"

"கம்பெனியில ஒரு சின்னத் துண்டுங்க."

"எந்தத் துண்டு? கதவா, சன்னலா?"

"அப்படி இல்லீங்க ஆத்தா. மொத்தத்துலயும் கொஞ்சம். நம்ம செவலை மாதிரி."

செவலை பங்கு மாடு. மடத்தில் இருப்பவர்களும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுமாக ஆறு பேர் சேர்ந்து வாங்கியது. பால் முறை வைத்துப் போகும். நிறையக் கறந்தால் எல்லாருக்கும் லாபம். வறண்டால் எல்லாருக்கும் வறட்சி. சினைக்குப் போடுவதா, தீவனத்தை மாற்றுவதா என்பதைக் கூடி உட்கார்ந்து கை தூக்கி முடிவு செய்வார்கள். கொட்டகை கட்டக் காசு போதாமல் போனபோது, கடனுக்குப் போகாமல் இன்னும் இரண்டு பேரைப் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு எட்டானது. "என்ற பங்கு சுருங்கிப்போச்சே" என்று வஞ்சிமுத்து அன்று முணுமுணுத்தார். "மாடு நனையாமப் படுக்குதுங்களே" என்றார் குரு. அந்த மழைக்காலத்தில் பால் கூடியது. வஞ்சிமுத்து முணுமுணுப்பை மறந்துபோனார்.

"செவலையைச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போங்க" என்றார் குரு. "என்ன விலைக்குக் கேட்கறாங்கன்னு பார்த்துட்டு வாங்க. விக்க வேண்டாம். வந்ததும் உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன். அதுவரைக்கும் போன் என்கிட்ட இருக்கட்டும்."

வஞ்சிமுத்து போனைக் கொடுத்தார். கொடுத்த பிறகும் கை இடுப்பைத் தடவியது.

*

வியாழச் சந்தையில் மாடுகளின் சத்தத்தைவிட ஆட்களின் சத்தம் அதிகம். விலை மட்டும் சத்தமில்லாமல் பேசப்படும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போடுவார். துண்டுக்கு அடியில் விரல் பிடிப்பார். எத்தனை விரலோ அதுதான் விலை. பிடிக்கவில்லை என்றால் கையை உருவிக்கொள்ளலாம். சம்மதம் என்றால் எதிராளியின் கையை மொத்தமாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் பேரம் முடிந்தது.

முதலில் வந்த தரகர் ஐந்து விரலையும் பிடித்தார். வஞ்சிமுத்து கையை உருவிக்கொண்டு செவலையைத் திரும்பிப் பார்த்தார். அழகான மாடு. காதைக்கூட ஒரு தினுசாக ஆட்டியது.

அடுத்தவர் நான்கு விரல் பிடித்தார். "மடி ஒரு பக்கம் இழுக்குது, பாருங்க" என்றார். வஞ்சிமுத்து பார்த்தார். இழுப்பது போலத்தான் இருந்தது.

அப்போது யாரோ ஒருவர் சந்தைக்குக் குறுக்கே கத்திக்கொண்டு போனார்.

"மாடு வாங்க வர்ற கேரளா லாரி இன்னிக்கு வராதாமா!"

யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் தரகர்களைத் தேடி ஓடினார்கள். மூன்றாவது ஆள் மூன்று விரல் பிடித்தார். வஞ்சிமுத்துவின் நெஞ்சு படபடத்தது. அது அவருக்குப் பழக்கமான படபடப்புதான். தினமும் காலையில் போனைத் திறக்கும்போது வருவது. கூட்டத்தில் எல்லாரும் விற்றுக்கொண்டிருந்தார்கள். தான் ஒருவன் மட்டும் முட்டாள் போல நிற்பதாக அவருக்குத் தோன்றியது.

ஆறுச்சாமி என்ற தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஏனுங்க சாமி, இன்னும் நின்னீங்கன்னா இதை வாங்க ஆளிருக்காது. மாட்டை வெச்சு அழகு பார்க்க வேண்டியதுதான்."

துண்டு விழுந்தது. துண்டுக்கு அடியில் இரண்டே விரல்.

வஞ்சிமுத்து ஆறுச்சாமியின் கையை மொத்தமாக இறுக்கிப் பிடித்தார்.

"முடிஞ்சுதுங்க!" என்று துண்டை உதறித் தோளில் போட்டார் ஆறுச்சாமி. அச்சாரம் வஞ்சிமுத்துவின் சட்டைப்பைக்குள் போனது. செவலையின் கழுத்தில் புதுக் கயிறு ஏறியது. விற்றவருக்கு மாட்டின் பழைய கயிற்றைத் திருப்பிக் கொடுப்பது அந்தச் சந்தையின் வழக்கம். கயிறு கைக்கு வந்த பிறகுதான் வஞ்சிமுத்துவுக்குத் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

"ஏனுங்க, இது விக்கறதுக்குக் கொண்டாந்த மாடு இல்லீங்க."

"பின்ன எதுக்குங்க என்ற கையைப் புடிச்சீங்க? கல்யாணம் பண்ணிக்கவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மடத்துப் பங்கு மாடுங்க. எட்டுப் பேரோடது."

"அந்த எட்டுல நீங்க எத்தனை?"

"ஒண்ணு."

இந்த முறை இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஆறுச்சாமி சிரிக்கவில்லை.

"நடங்க, மடத்துக்கே போலாம்" என்றார். "மீதி ஏழு பங்கு யாருகிட்ட இருக்குன்னு பார்த்துப்போடலாம்."

*

குரு நடந்ததை முழுவதும் கேட்டார். ஆறுச்சாமிக்கு மோர் கொடுத்தார். வஞ்சிமுத்து பழைய கயிற்றைச் சுருட்டியும் பிரித்தும் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணன் உங்க கையைப் புடிச்சது நெசந்தானுங்களே?"

"ஊரே பார்த்துச்சுங்க."

"அப்ப வித்தது வித்ததுதான்."

வஞ்சிமுத்து செவலையின் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார்.

"ஆனா அவருகிட்ட இருந்தது எட்டுல ஒண்ணு" என்றார் குரு. "அதைத்தான் அவரு விக்க முடியும். நீங்க புடிச்ச விலையில எட்டுல ஒண்ணை அவருகிட்டக் கொடுத்துட்டு அவரு எடத்துக்கு வந்துருங்க. வேண்டாம்னா அச்சாரத்தைத் திருப்பி வாங்கிக்கங்க."

"எட்டுல ஒண்ணை நான் எப்படிங்க ஓட்டிட்டுப் போறது?"

"ஓட்டிட்டுப் போக முடியாதுங்க. அதனாலதான் அதுக்குப் பங்குன்னு பேரு."

ஆறுச்சாமி கொஞ்ச நேரம் செவலையைப் பார்த்தார். பிறகு மேல்துண்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கொட்டகைக்குள் போனார். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். மடியை நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தார். அங்கே படுத்திருந்த கன்றைத் தூக்கி நிறுத்தினார். கூரையைப் பார்த்தார். தீவனப் போரைச் சுற்றி வந்தார். காலையில் எவ்வளவு கறக்கிறது, மாலையில் எவ்வளவு, கறப்பது யார், போன ஈத்தில் எத்தனை மாதம் கறந்தது என்று கேட்டார். மற்ற ஏழு பேரும் அடித்துக்கொள்வார்களா என்றும் கேட்டார். குரு ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொன்னார்.

வஞ்சிமுத்து பார்த்துக்கொண்டே நின்றார். சந்தையில் அத்தனை நேரம் நின்றபோது அவர் அந்த மடியை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை.

"கூட்டம் போட்டா நானும் கை தூக்கலாங்களா?" என்றார் ஆறுச்சாமி.

"உங்களுக்கும் ஒரு கை உண்டு."

"ரண்டு விரலுக்கு இது எங்கயும் கிடைக்காதுங்க" என்று வேட்டி மடிப்பை அவிழ்த்துப் பணத்தை எடுத்தார் ஆறுச்சாமி. "எனக்கு என்னிக்குப் பாலு முறை?"

"அண்ணனோட முறைதான் உங்க முறை. நாளைக்கு."

ஆறுச்சாமி தன் புதுக் கயிற்றைக் கழற்றிக்கொண்டார். வஞ்சிமுத்து செவலையைப் பழைய கயிற்றில் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

*

மறுநாள் வெள்ளி. விடிந்ததும் ஆறுச்சாமி தூக்குப்போசியோடு வந்தார். "ஏனுங்க சாமி, நல்லாத் தூங்குனீங்களா?" என்று விசாரித்துவிட்டு, நுரை ததும்பப் பாலை வாங்கிக்கொண்டு போனார். செவலை எப்போதும்போல அசைபோட்டுக்கொண்டிருந்தது. தன்னில் ஒரு பங்கு கைமாறிய விஷயத்தை அதற்கு யாரும் சொல்லவில்லை.

குரு ஒரு தம்ளரை வஞ்சிமுத்துவின் முன்னால் வைத்தார். கடுங்காப்பி.

வஞ்சிமுத்து ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. இன்னொரு வாய் குடித்தார்.

"ஆத்தா, என் கேள்விக்குப் பதில் சொல்றேன்னீங்க."

குரு முந்தானையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். வஞ்சிமுத்து வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை.

"விக்கட்டுங்களா, வேண்டாங்களா?"

"செவலைக்கு மடி வத்திப்போச்சுன்னா விக்கறதுக்கு மொதக் கை நான்தான் தூக்குவேன்."

"மாடுன்னா தொட்டுப் பார்த்துரலாம். கம்பெனிக்கு மடி வத்துனது எப்படிங்க தெரியும்? மச்சான் சங்கு ஊதியாச்சுன்னு அடிச்சுச் சொல்றாரே."

குரு அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பினார்.

"எந்தச் சங்குன்னு கேட்டீங்களாங்கண்ணா? ஆளைத் தூக்கறப்ப ஊதறதா, ஆலையைத் திறக்கறப்ப ஊதறதா?"