ஏழூர் யானைக் கணக்கு

வெகு காலத்துக்கு முன்னால் மஞ்சாடி நாட்டைப் பூவணராயன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பேச்சுதான் அவனுக்குச் சட்டம். அன்று கடைசியாகப் பேசியவர் வேட்டைத் தலைவர் வில்லவராயர்.

"மகாராஜா, ஏழு ஊர் வயலையும் யானைகள் மிதித்துவிட்டன. ஊருக்குப் பதினொன்று வந்ததாம். ஆக எழுபத்தேழு. பத்தை விட்டுவிட்டு அறுபத்தேழையும் குழி வெட்டிக் கொன்றுவிடலாம்."

"வெட்டுங்கள்" என்றான் ராசா.

அரண்மனைக்குத் தேன் கொண்டுவந்திருந்த கொம்பி என்ற காட்டுக்காரி, குடத்தைக் கீழே வைத்தாள்.

"சாமி, காட்டுல இருக்கிறதே பதினொண்ணுதான். ஒவ்வொண்ணோட காலடியையும் நாரால அளந்து முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன். அதே பதினொண்ணுதான் ஏழு ஊருக்கும் போகுது. அறுபத்தேழு வேணும்னா மீதியைப் பக்கத்து நாட்டுலதான் கடன் கேக்கணும்."

வில்லவராயருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நாரைக் காட்டி எனக்கே பாடமா? நீ சொன்னது பொய்யானால் முதல் குழியில் நீ விழ வேண்டும்."

"விழறேன். மெய்யானா ஒரு குழியும் வெட்டக் கூடாது."

கொம்பி சபைக்கு நடுவே ஒரு திரையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டச் சொன்னாள்.

"திரைக்குப் பின்னால ஆளுங்க நடக்கட்டும். தலைவரும் நானும் காலை மட்டும் பார்த்து எண்ணுறோம். யாரு, எப்படி நடக்கணும்னு சாமியே முடிவு பண்ணட்டும்."

ராசாவுக்கு இது பிடித்துப்போனது. ஆள் பொறுக்கத் தானே எழுந்து போனான். கொஞ்ச நேரத்தில் வெறுங்கால்கள் வரிசையாகப் போகத் தொடங்கின. போய்க்கொண்டே இருந்தன. வில்லவராயர் விரல் மடக்கி எண்ணினார். கொம்பி கண்ணை எடுக்கவே இல்லை.

"நாற்பத்து நான்கு பேர்" என்றார் அவர், மீசையைத் தடவியபடி.

"பதினோரு பேரு, நாலு சுத்து. ஒருத்தருக்கு ஆறு விரல். ஒருத்தர் இடது குதிகாலை இழுக்கிறார். மூணாவதா வர்ற கால் ஒருநாளும் முள்ளுல பட்டதில்லை."

திரை விழுந்தது. பத்து சமையற்காரர்கள் நின்றார்கள். மூன்றாவதாக, வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ராசா.

"வில்லவராயரே, என்னையே நான்கு பேராக்கிவிட்டீரே. அந்தப்புரத்தில் ஒருவனாகவே சமாளிக்க முடியவில்லை."

சபை சிரித்து அடங்கியதும் ராசா கேட்டான்: "சரி கொம்பி, யானைகள் ஏன் வயலுக்கு வருகின்றன?"

"எல்லாத் தடமும் ஒரே வேலிகிட்ட திரும்புது சாமி. ஏரிக்குப் போற யானைப் பாதையை மறிச்சு வேட்டை மாளிகை கட்டியிருக்காங்க. தண்ணிக்கு ஊரைச் சுத்தித்தான் போகுதுங்க."

அது யார் மாளிகை என்று ராசா கேட்கவில்லை. வில்லவராயரின் முகத்திலேயே எழுதியிருந்தது.

வேலியை அவர் கையாலேயே பிடுங்க வைத்தான். குழி வெட்டும் ஆணையைக் கிழித்துப் போட்டான். கொம்பிக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கொடுத்து, இனிக் காட்டைப் பற்றிய எந்த ஆணையும் அவள் அளந்து சொன்ன பிறகே என்றான். வில்லவராயரை அவளுக்கு நார் தூக்க அனுப்பினான். வயல்கள் தப்பின.

மறு வருஷம் அவர் மூச்சிரைக்கச் சபைக்குள் ஓடிவந்தார். "மகாராஜா, பன்னிரண்டு!"

"ஒன்றையே இரண்டு தரம் எண்ணினீரோ?"

"இல்லை மகாராஜா" என்று, முடிச்சுப் போட்ட குட்டி நார் ஒன்றை நீட்டினார். "இது புதுக் கால். நானே அளந்தேன்."