பிரபுவின் ஈய முகம்

ஜெர்மனி நூறு துண்டாகக் கிடந்த காலம். துண்டுக்கு ஒரு பிரபு, பிரபுவுக்கு ஒரு சட்டம். அதில் ஒரு ஊரில் பார்பரா என்ற மருத்துவச்சி, ஆயுள் முழுக்கப் பிரசவம் பார்த்துக் கற்றதையெல்லாம் எழுதிப் புத்தகமாகப் போட்டாள். மை காயுமுன்னே ரோட்டர் என்ற அச்சுக்காரன் அதைத் தன் பெயரில் அடித்து விற்றான்.

பார்பரா படுத்த படுக்கையானாள். அவள் வீட்டு வேலைக்காரி உர்சுலாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே பிரபுவின் சபைக்குப் போய், "ரோட்டர் திருடிவிட்டான், பிரபுவே" என்றாள்.

பிரபு சிரித்தார். "காகிதம் அவனுடையது, மை அவனுடையது. பார்த்து அடித்த புத்தகமும் அவன் காசு கொடுத்து வாங்கியது. களவுபோன பொருளை நாளைக்கு என் கண்ணில் காட்டு. இல்லையென்றால் பொய்ப்புகாருக்குச் சவுக்கடி."

சபையில் நின்ற ரோட்டர் இளித்தான்.

மறுநாள் உர்சுலா ஓர் ஈய வில்லையை அவர் முன் வைத்தாள். நாணயத்தில் இருக்கும் பிரபுவின் முகம் அதில் அப்படியே பதிந்திருந்தது.

பிரபு துள்ளி எழுந்தார். "கள்ள நாணயமா! கையை வெட்டிவிடுவேன்!"

"ஏன் பிரபுவே? ஈயம் என்னுடையது. அச்செடுத்த நாணயம் நான் உழைத்து வாங்கிய கூலி. இதில் தாங்கள் பறிகொடுத்த பொருள் எது?"

"என் முகமடி அது! யாரைக் கேட்டு எடுத்தாய்?"

"அதைத்தான் என் எஜமானி ரோட்டரைக் கேட்கிறாள்!" என்று கத்தினாள் உர்சுலா. "உங்கள் முகத்தை எடுத்தால் கை போகும். அவள் ஆயுளையே எடுத்தவனுக்கு ஒன்றும் கிடையாதா?"

அன்று மாலையே, பிரபுவின் ஆணைப்படி, எழுதியவரைக் கேட்காமல் புத்தகம் அச்சடிப்பது குற்றம் என்று முரசறைந்தார்கள். ரோட்டரின் பிரதிகள் வண்டியேறிப் பார்பராவின் வாசலுக்கு வந்தன.

உர்சுலா ஒவ்வொரு பிரதியிலும் ரோட்டரின் பெயர் இருந்த தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.