கண்ணீர் துடைத்த நரி

நரிக்குக் கடற்கரைக் காட்டின் தலைவராக வேண்டும் என்று ஆசை. ஆனால் ஆமை முட்டையைத் தோண்டித் தின்கிறவன் என்ற பேர் கரை முழுக்கப் பரவியிருந்தது. அந்தப் பேரைக் கழுவ அதற்கு ஒரு சோகம் தேவைப்பட்டது.

காலையில் கிடைத்தது. முட்டையிட்டு முடித்த ஆமை ஒன்று மணலில் ஊர்ந்து கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் கண்களிலிருந்து பசை போலக் கண்ணீர் வடிந்தது.

“எல்லோரும் வாருங்கள்! ஒரு தாய் அழுகிறாள்!” என்று நரி ஊளையிட்டது.

மான்கள் வந்தன. காட்டுக்குதிரை வந்தது. காக்கைகளுக்கு வேறு வேலை இல்லை. அவை முதலிலேயே வந்துவிட்டன.

“அழாதே தாயே! நான் இருக்கிறேன்!” என்றது நரி.

“நீ இருப்பதுதானே எனக்குப் பயம்!” என்றது ஆமை. “நான் எங்கேயடா அழுதேன்? கடல் தண்ணீர் குடிக்கிற உடம்பு இது. மிஞ்சின உப்பைக் கண்ணோரத்துச் சுரப்பி வெளியே தள்ளுகிறது. தள்ளாவிட்டால் ரத்தத்தில் உப்பேறிச் செத்துப்போவேன். வழியை விடு!”

“கேட்டீர்களா? துக்கம் தாங்காமல் உளறுகிறாள்!”

கூட்டம் உச்சுக்கொட்டியது. நரி வாலால் கண்ணீரைத் துடைத்தது. மறுபடி வந்தது. துடைத்தது. மறுபடியும் வந்தது. காக்கைகள் சிரிக்கத் தொடங்கின. நரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. களிமண்ணை அள்ளி ஆமையின் இரண்டு கண்களிலும் அப்பிவிட்டது.

“தீர்ந்தது பிரச்சினை! இனி இது கண்ணீர் இல்லாத கரை!”

ஒரே ஆரவாரம். நரி மணல்மேட்டில் ஏறிப் பேசியது. வெயில் ஏறியது. பேச்சு நின்றபாடில்லை.

“அடுத்த திட்டம், நடுக்க ஒழிப்பு! பனியில் நடுங்கும் மான்குட்டிகளை அசையாமல் கட்டிப்போடுவோம்!”

“நடுங்கினால்தானே தசை சூடாகும்? குட்டி விறைத்துப்போகாதா?” என்றது ஒரு பெண்மான்.

“எதிர்க்கட்சி! எதிர்க்கட்சி!” என்று காக்கைகள் அதன் வாயை அடைத்தன.

கீழே ஆமையின் கால்கள் தளர்ந்துகொண்டிருந்தன. அலைச் சத்தம் அதற்குக் கேட்டது. போகத்தான் தெம்பில்லை.

குதிரை அதைப் பார்த்தது. பிறகு வியர்வையில் நனைந்த தன் விலாவைப் பார்த்தது. இந்த வியர்வையை அடைத்தால் நாமும் வெந்து சாவோமே என்று அதற்கு உறைத்தது. நிமிர்ந்து நரியைப் பார்த்தது. பேசிக் களைத்த நரி நாக்கைத் தொங்கப்போட்டு, எச்சில் சொட்ட, மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

“ஐயையோ! தலைவர் வாயால் அழுகிறாரே!” என்று குதிரை கனைத்தது.

கூட்டம் பதறிவிட்டது. பாசமுள்ள கூட்டம், பாடமும் அப்போதுதான் படித்திருந்தது. “அழாதீர்கள் தலைவரே!” என்று காக்கைகள் கொடியைப் பறித்து வந்தன. மான்கள் நரியை அமுக்கிப் பிடித்தன. எல்லாமாகச் சேர்ந்து வாயை இறுக்கிக் கட்டின.

“ம்ம்! ம்ம்ம்!”

“நன்றி சொல்கிறார்!” என்றது ஒரு காக்கை.

அந்தச் சந்தடியில் குதிரை ஆமையின் கண்களை நக்கிக் களிமண்ணை எடுத்தது. கண்ணீர் மெல்லக் கசிந்தது, பிறகு தாராளமாக வழிந்தது. தெம்பு திரும்பியதும் ஆமை நகர்ந்து நகர்ந்து அலைக்குள் இறங்கியது.

மேட்டில், இரைத்துச் சூட்டைத் தணிக்க வழியில்லாத நரி உள்ளுக்குள் வெந்து சுருண்டு விழுந்தது.

“பாருங்கள், எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறார்!” என்று மெச்சிக்கொண்டே கூட்டம் கலைந்தது.

உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலையை, ஊர் மெச்சக் கருணை காட்டித் தடுப்பவன் கொலைகாரனே.